ஃபேன் ரெகுலேட்டர் அல்ல

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன்: ‘2018-ல் இரண்டு பக்கத்து வீட்டார் சண்டையில் ஐரோப்பாவின் 25 நாடுகளில் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியது; இதற்குத்தான் நாட்டுக்கு நாடு மின்சார ரெகுலேட்டர்கள் கூட்டுச் சேர வேண்டும்.’ விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. தப்புதான். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே மோட்டார், இன்வெர்ட்டர், சோலார் மீட்டர் கேள்விகளெல்லாம் அடுத்த மாதம். மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் லோடு டிஸ்பாட்ச் சென்டர் (எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று பார்க்கும் இடம்) ஷிப்டில் கழித்தவள் நான். ஃபிரீக்வென்ஸியைப் பற்றிக் கேட்டால் நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதானே? கரண்ட் இருக்கும்போதே கடிகாரம் எப்படி மெதுவாக ஓடும்? கதை விடுகிறீர்களோ என்று சந்தேகம்.
– வாசகர், கோவில்பட்டி

கதை இல்லை. 2018 மார்ச் முதல் வாரம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து என் மகள் போன் செய்தாள். “அம்மா, அடுப்புக் கடிகாரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஸ்லோ. மைக்ரோவேவும் அதே அளவு ஸ்லோ. ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகுமா?” ஷிப்ட் புத்தி விடுமா? “செல்போன் சரியா காட்டுதா?” என்று கேட்டேன். காட்டியது. “அப்போ கெட்டது உன் அடுப்பு இல்ல, உங்க ஊர் ஃபிரீக்வென்ஸி” என்றேன். அந்த வாரமே செய்தியில் வந்துவிட்டது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்த எண்ணிக்கைதான் ஃபிரீக்வென்ஸி. அங்கேயும் அப்படித்தான். அங்கே பல அடுப்புகளும் ரேடியோ அலாரங்களும் இந்த ஆட்டத்தை எண்ணித்தான் மணி காட்டுகின்றன. 50 எண்ணினால் ஒரு நொடி. அந்த 50 சராசரியாக 49.996 ஆகக் குறைந்தது. பல்பைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அந்தத் துளி சேர்ந்து சேர்ந்து ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் பேப்பரில் பெருக்கிப் பாருங்கள், கணக்கு உதைக்காது.

ஏன் குறைந்தது? கொசோவோவில் உற்பத்தியைவிடச் செலவு அதிகம் ஆனது. அப்படி ஆனால் ஃபிரீக்வென்ஸி இறங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு செர்பியாவுடையது, அது கட்டவில்லை. வடக்குக் கொசோவோவில் செர்பியர்கள் வாழும் ஊர்கள் அப்போது மின்கட்டணம் கட்டாமலே இருந்தன. அந்த நஷ்டம் யார் தலையில் என்பதில் ஆரம்பித்து, கொசோவோ தனி நாடா இல்லையா என்பது வரைக்கும் தகராறு. ஸ்பெயினிலிருந்து துருக்கி வரை ஒரே கிரிட் (நிலையங்களும் லைன்களும் பின்னிய ஒரே மின்வலை) என்பதால் 11.3 கோடி யூனிட் பற்றாக்குறையை எல்லா நாடுகளும் சேர்ந்து சுமந்தன. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை, எந்தக் கம்பியும் அறுபடவில்லை. 2020 டிசம்பரில் கொசோவோ அல்பேனியாவுடன் சேர்ந்து தன் வரவுசெலவைத் தானே பார்க்கத் தொடங்கியது.

இவர்களுக்கு நடுவர் இல்லாமலும் இல்லை. பால்கன் நாடுகளுக்கென்றே 2006-ல் நடைமுறைக்கு வந்த எரிசக்தி சமூக ஒப்பந்தம் இருக்கிறது. வியன்னாவில் அதன் செயலகம், ஏதென்ஸில் அதன் ஒழுங்குமுறை ஆணையங்கள் (ரெகுலேட்டர்கள்) கூடும் குழு. நடுவர் விசில் ஊதலாம். பந்தைக் கையில் வைத்திருப்பவன் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது?

ரெகுலேட்டர், ரெகுலேட்டர் என்று எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ரெகுலேட்டர் இரண்டுதான். ஒன்று ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பது, இன்னொன்று சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருப்பது.
– வாசகி, கும்பகோணம்

கும்பகோணத்துக்காரராக இருந்துகொண்டு மூன்றாவதை விட்டுவிட்டீர்களே! ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டர் வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அதையும் ரெகுலேட்டர் என்றுதானே சொல்கிறோம்? யாருக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது, என்பதைத் தீர்ப்பது அது. நான் சொல்வது கிட்டத்தட்ட அந்த வகை.

ஒரே தெருவில் இரண்டு கம்பெனி இரண்டு வரிசை கம்பம் நடுவதில்லை. கம்பியும் குழாயும் வைத்திருப்பவன் தனிக்காட்டு ராஜா. அவன் சொன்னதுதான் விலை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் போட்டு உட்கார வைத்தவர்கள்தான் ஒழுங்குமுறை ஆணையம். மத்தியில் 1998 முதல் ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டில் 1999 முதல் ஒன்று. கரண்ட் பில் ஏறும்போது கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, திட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஏற்றிவிட்டுப் போவார்களே, அவர்கள்தான். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு 2006 சட்டப்படி தனி வாரியம். ஜெர்மனியில் கரண்ட், எரிவாயு, தபால், டெலிபோன், ரயில் பாதை எல்லாவற்றுக்கும் பான் நகரில் ஒரே ஆபீஸ்.

உங்கள் சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. நான் இங்கே எரிவாயு என்று எழுதுவது குழாயில் ஓடும் மீத்தேன். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தந்த நாட்டு ஆணையம் அந்தந்த நாட்டைப் பார்த்துக்கொண்டால் போதாதா? எதற்குக் கூட்டு? (செமினாருக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் மேடம், கொஞ்சம் விரிவாக.)
– பொறியியல் மாணவி, திருச்சி

விரிவாகவே சொல்கிறேன், ஆனால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதே.

திருவிழாவில் தேர் வரும்போது என்ன செய்வோம்? தேர் போகும் வீதியில் கரண்டை நிறுத்தி, குறுக்கே போகும் ஒயரைக் கழற்றி, தேர் கடந்ததும் திரும்பக் கட்டுவோம். ஷட்டவுன் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே எழுதி வைத்திருப்போம். அதே வேலையை ஜெர்மனியில் ஒரு கப்பலுக்காகச் செய்தார்கள்.

பாப்பன்புர்க் என்ற உள்நாட்டு ஊரில் ஒரு கப்பல் கட்டும் தளம். அங்கே கட்டிய ‘நார்வீஜியன் பேர்ல்’ என்ற சொகுசுக் கப்பல் எம்ஸ் ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றின் குறுக்கே 380 கிலோவோல்ட் இரட்டை லைன். கப்பல் பெரிது, பாதுகாப்புக்காக லைனை அணைக்க வேண்டும். 2006 நவம்பர் 5 அதிகாலை ஒரு மணிக்கு என்று முடிவு. பக்கத்து நிறுவனங்களும் அந்த நேரத்துக்கு லோடு கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்றன. அப்புறம் கப்பல்காரர்கள், “மூன்று மணி நேரம் முன்னாடி போகிறோமே” என்றார்கள். லைன் வைத்திருந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்தவர்களுக்குச் சொன்னது? 4-ம் தேதி சாயங்காலம் ஏழு மணி வாக்கில். மறுபடி முறையாகக் கணக்குப் பார்க்க நேரம் இல்லை.

ராத்திரி 9.38-க்கு அந்த இரட்டை லைனில் ஒன்றை அணைத்தார்கள், அடுத்த நிமிடம் இன்னொன்றை. அந்தப் பாரம் தெற்கே வேறொரு லைனில் போய் ஏறியது. அந்த லைனின் ஒரு முனை ஒரு கம்பெனியுடையது, மறுமுனை இன்னொரு கம்பெனியுடையது. இரண்டு முனையிலும் பாதுகாப்பு ரிலே (பாரம் மீறினால் லைனைத் தானாகத் துண்டிக்கும் கருவி) செட்டிங் வேறு வேறு. ஒருவர் செட்டிங் இன்னொருவருக்குத் தெரியாது! இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என் சர்வீஸிலும் ஒரு சப்ஸ்டேஷனில் இப்படி இரண்டு முனைக்கு இரண்டு கணக்கு இருந்ததை, ஒரு மழை ராத்திரியில் ஃபீடர் விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். விழுந்தது ஒரு தாலுகா. அங்கே விழுந்தது கண்டம்.

10.10-க்கு பாரத்தைக் குறைக்கலாம் என்று நினைத்து, பக்கத்துக் கம்பெனியைக் கேட்காமல் சப்ஸ்டேஷனில் ஒரு பஸ்பாரை (லைன்கள் வந்து சேரும் தடித்த கம்பி) இணைத்தார்கள். குறைவதற்குப் பதில் ஏறியது. லைன் டிரிப். அடுத்த சில நொடிகளில் வரிசையாக மற்றவை. ஐரோப்பா கிரிட் மூன்று துண்டாக உடைந்தது. மேற்குத் துண்டில் ஏறத்தாழ 9,000 மெகாவாட் பற்றாக்குறை, ஃபிரீக்வென்ஸி 49-க்கு இறங்கியது. (எங்கள் ஷிப்டில் 49 என்றால் வயிற்றில் புளி கரையும்.) ரிலேக்கள் தானாகவே லோடைக் கழற்றிவிட்டன. ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் இருட்டு. நாற்பது நிமிடத்துக்குள் துண்டுகளைத் திரும்ப இணைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். பிரான்சில் ஒரு வீட்டில் விளக்கு அணைகிறது. காரணம் ஜெர்மனியில் ஒரு கன்ட்ரோல் ரூம். பிரெஞ்சு ஆணையம் யாரைக் கேட்கும்? ஜெர்மன் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஜெர்மன் ஆணையத்துக்கோ பிரெஞ்சு வீட்டைப் பற்றிக் கவலைப்படச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. நிறுவனங்களுக்கு இடையே இருந்த விதிகள் பெரும்பாலும் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. ஆணையங்கள் சேர்ந்து 2007 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது.

இதுவும் முதல் தடவை இல்லை. 2003 செப்டம்பர் 28 அதிகாலை மூன்று மணிக்கு சுவிட்சர்லாந்து மலையில் ஒரு லைன் மரத்தில் பட்டது. சுவிஸ்காரர்கள் பத்து நிமிடம் கழித்து இத்தாலிக்குப் போன் செய்து, “300 மெகாவாட் இறக்குமதியைக் குறையுங்கள்” என்றார்கள். இத்தாலி குறைத்தது. ஆனாலும் 3.25-க்கு இரண்டாவது லைனும் போனது. சார்டீனியா தீவு தவிர மொத்த இத்தாலியும் இருண்டது. அன்றைக்கு ரோமில் முதல் ‘வெள்ளை இரவு’, ராத்திரி முழுக்க மியூசியமும் கடையும் திறந்திருக்கும் விழா. வெள்ளை இரவு கறுப்பு இரவானது, மழை வேறு. பிரெஞ்சு ஆணையமும் இத்தாலிய ஆணையமும் சேர்ந்து விசாரித்து 2004-ல் கூட்டறிக்கை கொடுத்தன. சுவிட்சர்லாந்தில்? அப்போது அங்கே சுதந்திரமான மின்சார ஆணையம் என்று ஒன்றே கிடையாது. 2008-ல்தான் வந்தது. விசாரணைக்கு வந்தவர்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார ஆள் இல்லை.

செமினாரில் இந்த நாற்காலி விஷயத்தைச் சொல். மீதியெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

கூட்டு என்றால் ஆபீஸ் எங்கே? யார் தலைவர்?
– வாசகர், சேலம்

ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகரில். பெயர் ஏசர். லேப்டாப் கம்பெனி அல்ல, எரிசக்தி ஆணையங்கள் ஒத்துழைப்பதற்கான ஐரோப்பிய முகமை. 2009 சட்டத்தில் பிறந்து, 2011 மார்ச்சில் வேலையைத் தொடங்கியது. இயக்குநர் ஒருவர் உண்டு, ஆனால் முக்கியமான விஷயங்களில் உறுப்பு நாடுகளின் ஆணையங்கள் உட்காரும் குழுவின் சம்மதம் வேண்டும். அங்கே நாட்டுக்கு ஒரு ஓட்டு. மால்டாவுக்கும் ஒன்று, ஜெர்மனிக்கும் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு சேர வேண்டும். இரண்டு நாட்டு ஆணையங்கள் குறித்த காலத்துக்குள் ஒத்துவராவிட்டால் கோப்பு இங்கே வந்துவிடும்.

ஒரு நாட்டு நிலத்தில் குழாய் போகும், பலன் அடுத்த நாட்டுக்கு. செலவை யார் கொடுப்பது? (எங்கள் பக்கம் குழாய் என்றாலே ஆகாது. அது வேறு விஷயம்.)
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

கடைமடைக்காரர் கேள்வி என்று பார்த்ததுமே தெரிந்தது. தலைமடையில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் நமக்கு, மண்வெட்டி அவர்களுக்கு. அப்படியென்றால் செலவில் நம் பங்கு எவ்வளவு?

போலந்து–லித்துவேனியா குழாய் இதற்கு அருமையான உதாரணம். மொத்தம் 508 கிலோமீட்டர், அதில் 343 போலந்துக்குள். லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூன்றும் அப்போது எரிவாயுவுக்கு ரஷ்யாவை மட்டுமே நம்பியிருந்தன. அவர்களுக்கு இன்னொரு வாசல் வேண்டும். போலந்துக்கோ செலவு அதிகம், லாபம் குறைவு. ஆணையங்கள் பேசிப் பார்த்தன, முடியவில்லை. 2014 ஆகஸ்டில் ஏசர் தீர்த்தது: போலந்துக்கு லித்துவேனியா 5.49 கோடி யூரோ, லாட்வியா 2.94 கோடி, எஸ்டோனியா 15 லட்சம் ஈடு கொடுக்க வேண்டும். லாட்வியா, எஸ்டோனியா மண்ணில் அந்தக் குழாய் ஒரு அடிகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பலன் வருகிறது அல்லவா, பங்கு கொடு என்றார்கள். நிலம் யாருடையது என்று பார்க்காமல், எந்த நாட்டுக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குழாய் 2022 மே மாதம் திறந்தது. சில நாட்களுக்கு முன்புதான், ஏப்ரல் 27-ல், ரஷ்யா போலந்துக்கு எரிவாயுவை நிறுத்தியிருந்தது. லித்துவேனியாவும் அந்த ஏப்ரலோடு ரஷ்ய எரிவாயு வாங்குவதை விட்டுவிட்டது. எட்டு வருடம் முன்னால் அந்தப் பஞ்சாயத்து முடியாமல் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஆணையங்கள் தங்களுக்குள் சண்டை போட்டதுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ரொம்ப நாள் ஒரே விலை மண்டலம், அதாவது எல்லையில் வாங்க விற்க அளவு எதுவும் இல்லாத ஒரே மொத்தச் சந்தை. வடக்கு ஜெர்மனியில் காற்றாலை கரண்ட் மலிவு, ஆஸ்திரியா வாங்கும். காகிதத்தில் அது நேராகத் தெற்கே போகிறது. ஆனால் கரண்டுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. வழி கிடைத்த பக்கமெல்லாம் ஓடும். போலந்து, செக் நாட்டு லைன்களில் புகுந்து ஆஸ்திரியா போனது. வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை, லைன் மட்டும் நிரம்பி வழிகிறது என்று போலந்து ஆணையம் புகார் செய்தது. எல்லையில் அளவு வைக்கத்தான் வேண்டும் என்று 2015-ல் ஏசர் கருத்துச் சொன்னது, 2016-ல் முடிவே எடுத்தது. ஆஸ்திரிய ஆணையம் கொதித்துப்போய் வழக்குப் போட்டது.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் 2017 மே மாதம் ஜெர்மன் ஆணையமும் ஆஸ்திரிய ஆணையமும் உட்கார்ந்து பேசி, எல்லையில் 4,900 மெகாவாட் என்று ஒத்துக்கொண்டன. 2018 அக்டோபர் 1 முதல் மண்டலம் பிரிந்தது. ஒரு வருடம் கழித்து தீர்ப்பு: ஏசர் தரப்பு முடிவு செல்லாது, ஆஸ்திரியாவுக்கு வெற்றி! பிரிந்த மண்டலம் பிரிந்தபடியே இருக்கிறது. நம் ஊர் சிவில் வழக்குகளை ஞாபகப்படுத்தினால் நான் பொறுப்பல்ல.

நான் காய்கறி மொத்த வியாபாரி. சரக்கை மறைத்து விலை ஏற்றுவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. கரண்டை எந்தக் குடோனில் மறைப்பார்கள்?
– ஒட்டன்சத்திரம்

குடோனே வேண்டாம். “இன்றைக்கு என் நிலையம் ஓடாது” என்று ஒரு வார்த்தை போதும். பிரிட்டனில் 2016 குளிர்காலத்தில் இன்டர்ஜென் என்ற நிறுவனம் நாலு நாள் அப்படித்தான் செய்தது. சாயங்கால உச்ச நேரத்துக்கு எங்கள் நிலையங்கள் கிடையாது என்று கிரிட்டுக்குச் சொல்லிவிட்டது. பதறிப்போன கிரிட் கூடுதல் விலை கொடுத்து அதே நிலையங்களை ஓட்டச் சொன்னது. 2020-ல் பிரிட்டன் ஆணையம் 3.7 கோடி பவுண்டுக்கு மேல் கறந்துவிட்டது.

எல்லை தாண்டினால் இன்னும் சிக்கல். விட்டோல் ஜெனீவாக் கம்பெனி. 2013, 14-ல் தெற்கு பிரான்ஸ் எரிவாயுச் சந்தையில் விளையாடியதற்காக பிரெஞ்சு ஆணையம் 2018-ல் 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஆள் ஒரு நாட்டில், சந்தை இன்னொரு நாட்டில், சரக்கு வரும் குழாய் மூன்றாவது நாட்டில்கூட இருக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு கோயம்பேட்டு விலையை அசைத்து, லாபத்தைத் திருவனந்தபுரத்தில் எடுக்கிற மாதிரி. ஒரு மார்க்கெட் கமிட்டி மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் 2011-ல் ஐரோப்பா ஒரு சட்டம் போட்டு, மொத்தச் சந்தையில் யார் என்ன வாங்கினாலும் விற்றாலும், ஏன், ஆர்டர் போட்டு ரத்து செய்தாலும்கூட, விவரம் லியூப்லியானாவுக்குப் போக வேண்டும் என்றது. 2015 அக்டோபரில் தகவல் வரத் தொடங்கியது. சந்தேகம் வந்தால் ஏசர் அந்தந்த நாட்டு ஆணையத்துக்குத் தட்டிவிடும். அபராதம் போடுவது அவர்கள் வேலை.

சர்வதேசக் கூட்டமைப்பு, மாநாடு என்று பறக்கிறார்களே, டீயும் பிஸ்கட்டும் தவிர ஏதாவது நடக்கிறதா?
– வாசகர், திண்டுக்கல்

டீ, பிஸ்கட் நடக்கிறது. 2009-ல் ஏதென்ஸ் உலக மாநாட்டில் உலக ஆணையங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். புடாபெஸ்டைத் தலைமையிடமாக வைத்து ஒன்று, மத்தியதரைக்கடல் நாடுகளுக்கென்று மிலானில் ஒன்று, அமெரிக்க மாநிலங்களுக்கு 1889 முதலே ஒன்று. இவற்றில் யாருக்கும் யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆணையங்களின் பழைய சங்கம் ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, 2000-ல் பத்து நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தது. அது 2001 முதல் மின்தடையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு அறிக்கை போடுகிறது. வருடத்துக்கு ஒரு நுகர்வோருக்கு எத்தனை நிமிடம் கரண்ட் இல்லை என்று ஒரே அட்டவணையில் எல்லா நாட்டையும் நிறுத்திவிடும். கடைசியில் நிற்பவருக்கு ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம். அபராதத்தைவிட ரேங்க் கார்டுக்குப் பயப்படுகிறவர்கள் இன்ஜினீயர்கள், நான் உட்பட.

இத்தனை கூட்டு இருந்தும் 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதே?
– வாசகி, புதுச்சேரி

இருண்டது. பட்டப்பகல் 12.33-க்கு. அந்தத் தடவை பிரச்சினை வோல்டேஜ் கட்டுமீறி ஏறியதில். கூட்டு இருந்தால் விபத்தே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2003-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தத் தடவை பல நாட்டு கிரிட் நிறுவனங்கள், ஏசர், தேசிய ஆணையங்கள் எல்லாம் ஒரே நிபுணர் குழுவில் முதலிலேயே உட்கார்ந்தன. அக்டோபர் தொடக்கத்தில் என்ன நடந்தது என்ற அறிக்கை வந்துவிட்டது. நாற்காலி காலியாக இல்லை.

2012-ல் வட இந்தியா முழுக்க இருண்டபோது நமக்கு மட்டும் எப்படித் தப்பியது?
– வாசகர், வேலூர்

அப்போது நம் தென் கிரிட் தனி நாடித்துடிப்பு. வடக்கோடு டி.சி. இணைப்பு மட்டும்தான். டி.சி. என்றால் ஆடாமல் ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அது ஃபிரீக்வென்ஸியைக் கடத்தாது. ஜூலை 30 அதிகாலை வட மண்டலம் விழுந்தது, 31 மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்து 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டு. நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ வந்து ஆறிப்போனது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் நாமும் சேர்ந்துவிட்டோம். இனிமேல் விழுந்தால் சேர்ந்துதான். ஒரே ஆறுதல், நம் மாநிலங்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் மேலே ஒரே மத்திய ஆணையம், ஒரே கிரிட் விதிநூல். ஐரோப்பாக்காரர்கள் இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பது ஏறக்குறைய அதைத்தான்.

இந்தியாவிலிருந்து எங்களுக்கு மின்சாரம் வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தால் விலையை யார் தீர்மானிப்பது, உங்கள் ஆணையமா, எங்கள் ஆணைக்குழுவா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கொழும்பில் கையெழுத்தாகியிருக்கிறது. திட்டம் உயர் அழுத்த டி.சி. என்பதால் உங்கள் ஃபிரீக்வென்ஸி உங்களோடு, எங்களுடையது எங்களோடு. எங்கள் கோளாறில் உங்கள் கடிகாரம் பின்தங்காது. விலையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டு பில் உங்கள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கையில்தான் இருக்கும். எல்லை தாண்டும் விற்பனைக்கு எங்கள் மத்திய ஆணையம் 2019-ல் விதி போட்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் நடுவர் யார்? தெற்காசியாவில் ஏசர் மாதிரி எதுவும் கிடையாது. ஆணையங்கள் பேசிக்கொள்ள 1999-லிருந்து ஒரு மன்றம் இருக்கிறது. பேசலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. 2014-ல் சார்க் நாடுகள் மின்சார ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டன. அப்புறம் சார்க் மாநாடே கூடவில்லை.

ஆனாலும் ஒரு சின்ன வெளிச்சம். நேபாளத்திலிருந்து இந்தியக் கம்பி வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட். 2024 அக்டோபரில் மூன்று நாட்டு நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன, நவம்பர் 15-ல் கரண்ட் ஓடியது. ஒப்பந்தப்படி மழைக்காலத்து ஐந்து மாதம்தான் விற்பனை, அந்த வருடம் மிச்சமிருந்தது அந்த ஒரே நாள். ஒரு நாள் ஓட்டிக் காட்டினார்கள்! யூனிட்டுக்கு 6.40 அமெரிக்க சென்ட், அளப்பது பீகாரின் முசாபர்பூரில். 40 மெகாவாட் என்பது எங்கள் டிஸ்பாட்ச் மேசையில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்காத எண். ஆனால் மூன்று நாடு, ஒரு மீட்டர், ஒரு விலை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் காகிதத்தை நான் தலை நிமிர்ந்து பார்ப்பேன். உங்கள் கேபிள் வருவதற்கு முன் உங்கள் ஆணைக்குழுவும் எங்கள் ஆணையமும் முசாபர்பூர் மாதிரி ஒரு மீட்டர் இடத்தை முதலில் பேசி முடித்துவிட்டால் நல்லது.

உங்கள் மகள் அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்தாரா?
– அதே கோவில்பட்டி வாசகர், இரண்டாவது கார்டு

சரிசெய்தாள், அதுதான் வினை. மார்ச் முதல் வாரத்திலேயே ஆறு நிமிடம் கையால் தள்ளி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கிரிட்காரர்கள் 50-க்குத் துளி மேலே ஓட்டி, ஏப்ரல் 3-க்குள் தொலைந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவள் அடுப்பு ஆறு நிமிடம் முந்திக்கொண்டது. வருடா வருடம் கோடை நேரத்துக்கு மணியை மட்டும் ஒன்று கூட்டுகிறாள், குறைக்கிறாள், நிமிடத்தைத் தொடுவதில்லை. கேட்டால், அன்றிலிருந்து ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லையாம்.